துருக்கிப் பயணம்: எபேசு, சர்தை, லவோதிக்கேயா

எல்லோருக்கும் வணக்கம். பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் சொல்லும் ஏழு சபைகளில் மூன்றின் ஊர்களைப் பார்க்கப் போகிறோம். எபேசுவில் கூட்டமெல்லாம் பழைய செல்சஸ் நூலகத்தின் முன்னால் படம் எடுத்துக்கொண்டு நிற்கும். நாம் முதலில் மரியாள் ஆலயத்துக்குப் போய்விடுவோம். கி.பி. 431இல் திருச்சபை ஆயர்களின் பொதுச்சங்கம் கூடியது அங்கேதான். சர்தையில் கிரேக்கத் தெய்வம் ஆர்ட்டெமிஸின் கோவில் மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னத் தேவாலயத்தை விட்டுவிடாதீர்கள், எனக்கு அதுதான் பெரிய கோவிலைவிடப் பிடிக்கும். லவோதிக்கேயாவில் பழைய தண்ணீர்க் குழாய்களுக்குள் குனிந்து பாருங்கள். சுண்ணாம்பு கெட்டியாகப் படிந்திருக்கும். இந்த ஊர்ச் சபையை வெதுவெதுப்பான தண்ணீரைப்போல இருப்பதாகக் கண்டிக்கும் ‘குளிருமின்றி அனலுமின்றி’ வசனத்தை அங்கேயே வாசிக்கலாம்.

அப்புறம், எபேசுவின் பளிங்குத் தெரு வழுக்கும். பிடிப்புள்ள ஷூ, தொப்பி, தண்ணீர் பாட்டில் கட்டாயம். நிழல் ரொம்பக் குறைவு. வருகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் இங்கேயே பெயர் கொடுத்துவிடுங்கள். முழங்கால் வலி இருப்பவர்கள் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள்.