தாத்தா தலையாட்டிய நாள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் ரங்கூனில் நலமாக இருக்கிறோம். நீதிமன்றத்தில் பேசுவதை இயந்திரத்தில் சுருக்கெழுத்தாக அடிக்கும் படிப்பில், நிமிடத்துக்கு 140 சொற்களிலேயே நான்கு மாதமாக நிற்பதாகவும், இந்தப் படிப்பையே விட்டுவிடலாமா என்று நினைப்பதாகவும் நீ போன வாரம் சொன்னாய். அன்றைக்குப் போனில் என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

1911இல் கட்டி முடித்த நம் பழைய ஹைகோர்ட் கட்டடத்துக்கு அருகே மேசை போட்டு, 35 ஆண்டுகள் மனு தட்டச்சு செய்தவன் நான். பிட்மன் சுருக்கெழுத்தும் இளமையில் கற்றேன். அதில் ஆங்கில 'P' ஒலிக்கு மெல்லிய கோடு, 'B' ஒலிக்கு அதே கோடு தடித்து வரும். உன் இயந்திரத்தில் இடக்கைப் பக்கம் ஆங்கில 'D' ஒலிக்குத் தனி விசை இல்லை, வேறு இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும் என்று நீ முதன்முதலில் சொன்னபோது, ஒரே 'க'வை இடத்துக்கு ஏற்ப இரண்டு விதமாகப் படிக்கும் நமக்கு இது புதிதல்லவே என்று தோன்றியது. இருபத்திரண்டு விசைகள்தான், முதல் மெய் இடக்கையில், உயிர் கட்டைவிரல்களில், கடைசி மெய் வலக்கையில், ஆர்மோனியத்தில் பல கட்டைகளை ஒன்றாக அழுத்துவதுபோல் ஒரே அடியில் ஓர் அசை விழுகிறது. 'கண்', 'பால்' என்று அசை பிரித்துப் படித்து வளர்ந்த உன் காதுக்கு இந்த அமைப்பு அந்நியமாக இருக்காது.

விரல்கள் நிற்பதற்குக் காரணம் நீ ஒவ்வொரு பிழையையும் திரும்பிப் பார்ப்பது என்று நினைக்கிறேன். தட்டச்சு கற்ற காலத்தில் எனக்கும் அதே குறை இருந்தது. விட்டுப்போன சொல்லை நினைத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த நான்கு சொற்கள் போய்விடும். தினமும் சிறிது நேரம் 160 வேகத்தில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, பாதி விழாவிட்டாலும் நிறுத்தாமல் அடித்துவிட்டு, பிறகு 140க்குத் திரும்பு. பழைய வேகம் மெதுவாகக் கேட்கத் தொடங்கும். நீ எழுதப்போகும் ஆர்.பி.ஆர். என்ற அமெரிக்க நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர் தகுதித் தேர்வில் உரைக்கு 180, ஜூரிக்கு நீதிபதி சொல்லும் அறிவுரைக்கு 200, சாட்சி விசாரணைக்கு 225 என்று மூன்று பகுதி, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம், 95 விழுக்காடு சரியாக இருக்க வேண்டும் என்றாய். கடைசிப் பகுதியைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 1,125 சொற்கள், அதில் ஏறக்குறைய 56 பிழைவரை பொறுப்பார்கள். அந்த 56ஐக் கண்டு நீ நிம்மதி அடைந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் தாத்தாவின் கதையை இப்போது எழுதுகிறேன். இதுவரை உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை.

பெகுப் பக்கம் நாங்கள் இருந்தபோது, பக்கத்து வயல்காரர் மேல் நெல் திருடியதாக வழக்கு வந்தது. தாத்தா சாட்சி சொல்லப் போனார். இங்கே இன்றும் நடப்பில் உள்ள 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, சாட்சியைப் பொதுவாகக் கேள்வி பதிலாக எழுதுவதில்லை. தொடர்ச்சியான கூற்றாக மாற்றி எழுதுவார்கள். "அவர் அன்றிரவு வெளியே போனதை நான் பார்க்கவில்லை" என்று தாத்தா தமிழில் சொன்னார். மொழிபெயர்ப்பவர் வாய் வழியாகப் பர்மிய மொழிக்குப் போய், ஏட்டில் ஏறும்போது "அவர் அன்றிரவு வெளியே போகவில்லை" என்று ஆகிவிட்டது. படித்துக் காட்டினார்கள். தாத்தாவுக்குப் பாதிதான் புரிந்தது, "சரிதானே?" என்று கேட்டதும் தலையாட்டிவிட்டார். அந்த மனிதர் மருந்து வாங்க வெளியே போனதை அடுத்த சாட்சி சொன்னதும், தாத்தா சொன்னது முழுவதும் பொய்யென்று தள்ளப்பட்டது. வயல்காரர் ஆறு மாதம் சிறையில் இருந்தார். அதற்குப் பிறகு தாத்தா அந்த வீட்டு வாசல் வழியாக நடந்ததில்லை. சுற்றுப் பாதையில்தான் வயலுக்குப் போவார்.

யாரும் வேண்டுமென்று செய்த பிழை இல்லை அது. எழுதியவர் தமக்குப் புரிந்ததை எழுதினார், அவ்வளவுதான். நீ கற்கும் வேலையில், புரிந்ததை அல்ல, சொன்னதை எழுத வேண்டும். சாட்சி தலையாட்டினால் அது ஏட்டில் ஏறாது என்பதால், வாயால் பதில் சொல்லும்படி வழக்கறிஞர் கேட்பார். காதில் விழவில்லை என்றால் எழுதுபவரே விசாரணையை நிறுத்தி, "மறுபடி சொல்லுங்கள்" என்று கேட்கலாம் என்று நீ சொன்னபோது, போனை வைத்த பிறகு வெகுநேரம் நான் உட்கார்ந்தே இருந்தேன். ஒலிப்பதிவுக் கருவி போதுமே என்கிறவர்கள் இந்த ஒன்றை யோசிப்பதில்லை. கருவி திரும்பக் கேட்காது. கேட்பதற்குக் கூச்சப்படாதே, அம்மா. நீ குறுக்கிட்டுக் கேட்கும் அந்த ஒரு நொடிதான் அங்கே நிற்கும் யாரோ ஒரு தாத்தாவுக்குத் துணை.

என் பெட்டியில் பழைய ஆங்கில மனுக்களின் கார்பன் நகல்கள் ஒரு கட்டு இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மின்சாரம் வரும் முறை எங்களுக்குக் காலையில். உனக்கு அது சனி இரவாக இருக்கும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு 140இல் தொடங்கி வாசிக்கிறேன், பெயர்களை மட்டும் மாற்றிவிடுகிறேன். இயந்திரத்தைத் தயாராக வைத்திரு. என் உச்சரிப்பு எங்கே புரியவில்லையோ, அங்கே என்னை நிறுத்திக் கேள்.

அன்புடன்,
அப்பா