விரிவானப் பகுதி வினாவை மாற்றுங்கள்: வினாத்தாள் வடிவமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

பத்தாம் வகுப்புத் தமிழ் வினாத்தாளை வடிவமைக்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

பதின்பருவப் பிள்ளைகளுக்கு நவீன இலக்கியம் பிடிப்பதில்லை, கைப்பேசி வந்த பிறகு வாசிப்பே போய்விட்டது என்ற பேச்சு ஆசிரியர் கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. அதில் பாதி உண்மையாக இருக்கலாம். மீதிப் பாதிக்கு நம் வினாத்தாளே பொறுப்பு என்று கருதுவதால், தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன்.

பாடநூலில் எனக்குக் குறையில்லை. 2019இல் வந்த பத்தாம் வகுப்பு நூல் கி. ராஜநாராயணன், ப. சிங்காரம், கு. அழகிரிசாமி ஆகியோரை ஒரே ஆண்டில் மாணவர் கையில் கொடுத்தது. அதைத் தொகுத்தவர்களின் துணிவு பாராட்டத்தக்கது. கி. ராஜநாராயணனின் (கி.ரா.) 'கோபல்லபுரத்து மக்கள்' பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பசியால் துவண்டு கிடக்கும் வழிப்போக்கன் ஒருவனை அன்னமய்யா கைத்தாங்கலாக அழைத்து வருகிறான். கலயத்திலிருந்து நீத்துப்பாகத்தை, அதாவது மேல்கஞ்சியை, சிரட்டையில் (கொட்டாங்கச்சியில்) வடித்துக் கொடுக்கிறான். ஒவ்வொரு மிடறும் இறங்கும்போது வந்தவனின் முகம் மாறுவதைக் கி.ரா. நின்று நிதானமாகச் சொல்கிறார். இப்பகுதியை வகுப்பில் உரக்கப் படித்தால், வாசிக்கவே மாட்டேன் என்று கடைசி வரிசையில் சாய்ந்திருக்கும் மாணவனும் நிமிர்ந்து உட்காருகிறான். கரிசல் வட்டாரப் பேச்சு வழக்கு அவனை மிரட்டுவதில்லை. பாட்டி பேசுவதைப் போல இருக்கிறதே என்கிறான். உண்டு பசி தீர்ந்த பிறகுதானே வந்தவன் அன்னமய்யாவின் பெயரைக் கேட்கிறான், முதலிலேயே ஏன் கேட்கவில்லை என்று ஒரு மாணவி வினவினாள். நாற்பது நிமிடப் பாடவேளைக்கு அந்த ஒரு கேள்வியே போதும்.

ஆனால் தேர்வு நெருங்கும்போது இவையெல்லாம் வீண் என்று ஆகிவிடுகிறது. இத்தகைய கதைகள் இடம்பெறும் துணைப்பாடமான விரிவானத்திலிருந்து வரும் எட்டு மதிப்பெண் நெடுவினா பெரும்பாலும் கதையைச் சுருக்கச் சொல்கிறது, அல்லது அன்னமய்யா என்ற பெயருக்கும் அவன் செயலுக்கும் உள்ள பொருத்தத்தை விவரிக்கச் சொல்கிறது. அதற்கான விடை குறிப்புச்சட்டம், முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்ற வரிசையில் எல்லாக் கைடுகளிலும் அச்சாகியிருக்கிறது. கதையை ஒருமுறைகூடப் புரட்டாத மாணவன் அதை மனப்பாடம் செய்து ஏழு வாங்குகிறான். படித்துவிட்டுத் தனக்குத் தோன்றியதை எழுதிய மாணவி, உட்தலைப்பு இல்லாத காரணத்தால் ஐந்தோடு நிற்கிறாள். மெல்லக் கற்போருக்கென்று நாங்களே இன்னும் சுருக்கி நகலெடுத்துக் கொடுக்கும் தாளில் அந்தச் சிரட்டை இருப்பதில்லை. கதை படிப்பது வேறு, தமிழில் தேர்ச்சி பெறுவது வேறு என்பதை இவ்வாறு நாம்தான் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறோம்.

ஆகவே எனது கோரிக்கை ஒன்றுதான். விரிவானப் பகுதி நெடுவினாவில், கதையிலிருந்து பத்துப் பன்னிரண்டு வரிகளை வினாத்தாளிலேயே அச்சிட்டு, அவ்வரிகளைக் காட்டி விடையெழுதும்படி கேளுங்கள். வந்தவனின் பசியை ஆசிரியர் எந்தெந்தச் செயல்களால் உணர்த்துகிறார், அன்னமய்யா பேசாமல் செய்வது எதைக் காட்டுகிறது என்பன போன்ற வினாக்களுக்குக் கைடு உதவாது. வரிகள் கண்முன் இருப்பதால் நினைவாற்றல் குறைந்த மாணவரும் தடுமாற வேண்டியதில்லை.

திருத்துவோருக்கு விடைக்குறிப்பு எப்படித் தருவது, ஒருவருக்கு ஒருவர் மதிப்பெண் மாறாதா என்று நீங்கள் தயங்குவது நியாயமே. ஆயினும் 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்று ஒரு படத்தைக் கொடுத்து, மாணவர் சொந்தமாக எழுதியதற்கு ஐந்து மதிப்பெண் வரை நாம் ஏற்கெனவே வழங்கி வருகிறோம். அங்கே திருத்துவோரை நம்புகிறவர்கள், அச்சிட்ட வரிகளே சான்றாக இருக்கும் இடத்தில் நம்பத் தயங்க வேண்டிய அவசியம் என்ன? ஏற்கத்தக்க விடைகள் மூன்று நான்கை மாதிரியாகக் கொடுத்து, உட்தலைப்பு கட்டாயமில்லை என்று ஒரு வரி சேர்த்தால் பெரும் குழப்பம் நேராது.

பொதுத்தேர்வில் உடனே மாற்றுவது கடினம் என்றால், வரும் காலாண்டுத் தேர்வில் பழைய வினாவையும் புதிய வினாவையும் 'அல்லது' என்று இணைத்துக் கேட்டுப் பாருங்கள். எத்தனை பேர் எதைத் தேர்ந்தெடுத்தார்கள், எப்படி எழுதினார்கள் என்பதை விடைத்தாள்களோடு அனுப்பிவைக்கத் தமிழாசிரியர்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
அரசு உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியர் ஒருவர்