சத்தம் போடாத கம்ப்யூட்டர்

கோத்தகிரி

அன்புள்ள பங்காளி,

உன் மெசேஜ் வந்து பத்து நாள் ஆகிவிட்டது. போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம், ஆனால் வீட்டில் பாட்டு செய்ய எந்தக் கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று நீ கேட்டது இரண்டு வரியில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். குளிர் கூடினால் அம்மாவுக்கு முழங்கால் வலி, மற்றபடி இன்னும் விடியுமுன்னே எழுந்து அடுப்பு மூட்டிவிடுகிறார். கொடைக்கானலில் மூஞ்சிக்கல் பக்கம் வீடு மாறி, அதில் ஒரு அறையைப் பாட்டுக்கென்றே ஒதுக்கிவிட்டாய் என்று படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். 2018ல் குறிஞ்சி பூத்தபோது வந்தேனே, அன்றைக்கு ராத்திரி நீ கீபோர்டைக் கட்டிலில் வைத்துக்கொண்டு வாசித்தது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய லேப்டாப் விவரம் பார்த்தேன். ஐ9 பிராசசர், 32 ஜிபி ரேம், பெரிய கிராபிக்ஸ் கார்டு, 1,40,000 ரூபாய். வேண்டாம்டா, வாங்காதே.

ஏன் சொல்கிறேன் என்றால் நான் அதே தப்பைச் செய்தவன். மூன்று வருஷம் முன்னால் கோவையில் ஒரு கடையில், மியூசிக்குக்கு இதுதான் சார் சரியாக இருக்கும் என்று சொல்லி ஒரு கேமிங் லேப்டாப்பைக் கொடுத்தார்கள், நானும் நம்பி வாங்கி வந்தேன். வாங்கியதே அம்மாவின் பாட்டுகளைப் பதிவு செய்யத்தான். அம்மா பத்து வயதில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர், உனக்குத்தான் தெரியுமே; இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஆயா கொழுந்து பறிக்கும்போது பாடிய பாட்டு இன்றைக்கு எங்கள் தோட்டத்து லைன் வீடுகளில் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு மதியம், மழையில்லை, காற்றில்லை, அம்மா தானாகவே ஆரம்பித்தார். மெதுவாகத்தான் பாடுவார், அதனால் மைக் கெயினை, அதாவது மைக் சத்தத்தைக் கூட்டி வாங்குகிற அளவை, ஏற்ற வேண்டியிருந்தது. பாட்டு பாதியில் போகும்போது லேப்டாப் சூடாகி ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. அப்போது எனக்கு உறைக்கவே இல்லை, ஹெட்ஃபோனில் திரும்பக் கேட்கும்போதுதான் அம்மா குரலுக்குப் பின்னால் ஒரே இரைச்சல். நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டுப் பார்த்தேன், இரைச்சலோடு சேர்ந்து குரலும் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் திரும்பப் பாடச் சொன்னேன், பாடினார், ஆனால் முதல் நாள் வந்த நாலு வரி வரவில்லை. இன்றுவரை வரவில்லை. அந்த நாலு வரி அந்த இரைச்சலோடுதான் என்னிடம் இருக்கிறது.

அதனால் வீட்டில் ரெக்கார்டிங் என்றால் நான் முதலில் பார்ப்பது வேகத்தை இல்லை, சத்தத்தை. பெரிய ஸ்டுடியோவில் மெஷின் வேறு அறையில் இருக்கும், நம் வீட்டில் மைக்கும் கம்ப்யூட்டரும் ஒரே மேஜை. நீ பார்த்த லேப்டாப்பில் அந்தக் கிராபிக்ஸ் கார்டு ஆடியோவுக்கு ஒன்றும் செய்யாது, சூட்டைக் கூட்டி ஃபேனைச் சுற்றவிடும், அவ்வளவுதான்.

பிராசசர் விஷயம் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கடையில் கோர், அதாவது பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்கிற பகுதி, எத்தனை என்று சொல்லித்தான் விற்பார்கள். நீ ஒரு வாத்தியத்துக்கான டிராக்கில் வீணை சாம்பிள், அதாவது முன்பே பதிவு செய்து வைத்த வீணை ஒலி, போட்டு, அதன்மேல் ஈக்யூ, கம்ப்ரசர், ரிவர்ப் என்று ஒலியை மாற்றுகிற எஃபெக்டுகளை வரிசையாகப் போடுகிறாய் அல்லவா, ஒன்று முடிந்தால்தான் அடுத்தது வேலை செய்ய முடியும், அதனால் அந்த வரிசை முழுக்கப் பெரும்பாலும் ஒரே கோர்மேல்தான் விழும். மற்ற டிராக்குகளைத்தான் மற்ற கோர்கள் பங்கு போட்டுக்கொள்ளும். ஆக பதினாறு கோர் இருப்பதைவிட ஒவ்வொரு கோரும் வேகமாக இருப்பதுதான் முக்கியம். நீ செய்கிற அளவுக்கு, இருபது முப்பது டிராக், இப்போது வருகிற நடுத்தர பிராசசர்களே தாராளம். திணறினால் டிராக்கை ஃப்ரீஸ் செய்துவிட்டு, அதாவது எஃபெக்டோடு சேர்த்து ஆடியோவாக மாற்றி வைத்துவிட்டு, போய்க்கொண்டே இரு.

அப்புறம் நீ கேட்ட அந்தத் தாமதம், கீ அழுத்தினால் சத்தம் லேட்டாக வருகிறது என்றாயே. அதற்குப் புது கம்ப்யூட்டரே தேவைப்படாமல் போகலாம். கம்ப்யூட்டர் ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்துத்தான் வெளியே அனுப்பும், அந்தத் துண்டின் அளவுதான் பஃபர். இங்கே சாம்பிள் என்றால் ஒலியை அளந்த ஒரு புள்ளி, 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் செகண்டுக்கு 48,000 புள்ளி. பஃபர் 1024 சாம்பிளில் இருந்தால் அது மட்டுமே 21 மில்லிசெகண்ட். 128க்கு இறக்கினால் 2.7. டிரைவர், ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்றுகிற கன்வெர்ட்டர், இவற்றின் நேரமெல்லாம் சேர்ந்தாலும் பத்துக்குள் வந்துவிடும். காற்றில் ஒலி ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட், அதாவது மேடையில் உன்னிடமிருந்து மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்த தவில்காரர் அடி உன் காதுக்கு வருகிற நேரம்தான். அதோடு நாம் வருஷக்கணக்கில் வாசித்திருக்கிறோம். நீ இன்னும் லேப்டாப்பின் சொந்த ஹெட்ஃபோன் குழியில்தான் கேட்கிறாய் என்று நினைக்கிறேன். மைக்கையும் ஹெட்ஃபோனையும் சொருகுகிற பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று சுமாரானதாக வாங்கி, தாமதத்தைக் குறைக்க அதன் கம்பெனி கொடுக்கிற ஆசியோ (ASIO) டிரைவரைப் போட்டு, வாசிக்கும்போது 128, மிக்ஸ் செய்யும்போது 1024 என்று மாற்றிக்கொள். நடுநடுவே பட் பட்டென்று வெடித்தால் வைஃபையை அணைத்துப் பார், விண்டோஸில் பல நேரம் வைஃபை டிரைவர்தான் குற்றவாளி.

ரேமில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 16 ஜிபிக்குக் கீழே போகாதே. பெரிய ஆர்கெஸ்ட்ரா சாம்பிள்கள் ஏற்றுவதென்றால் 32. டிஸ்க்கைப் பற்றிக் கவலைப்படாதே, 24 பிட்டில் ஒரு மோனோ டிராக் நிமிஷத்துக்கு 9 எம்பிகூட வராது, மணிக்கணக்கில் பாடினாலும் தாங்கும். இடத்தை அடைப்பது சாம்பிள் லைப்ரரிதான், அதை வெளியே ஒரு எஸ்எஸ்டியில் வைத்துக்கொள்ளலாம்.

நான் அந்த லேப்டாப்பை விற்றுவிட்டு, எம்1 சிப் போட்ட பழைய ஆப்பிள் மேக்புக் ஏர் லேப்டாப் ஒன்றைக் கைமாற்றி வாங்கினேன், 16 ஜிபி. அதில் ஃபேனே கிடையாது. பக்கத்தில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பதிவு செய்கிறேன், ஒரு மூச்சுச் சத்தம் இல்லை. உனக்கும் அதைத்தான் சொல்வேன். கொஞ்சம் புதிய மாடலாகவே பார். ஆனால் அதில் ரேமைப் பின்னால் ஏற்ற முடியாது, வாங்கும்போதே முடிவு செய்ய வேண்டும். நீ பாட்டு செய்கிற எஃப்எல் ஸ்டுடியோ சாஃப்ட்வேர் 2018லிருந்தே மேக்கிலும் ஓடுகிறது. அதில் சேர்த்துக்கொள்கிற எஃபெக்ட், வாத்திய சாஃப்ட்வேர்களான பழைய பிளகின்களை மட்டும் ஒவ்வொன்றாக வருமா என்று பார்த்துவிடு, எனக்கு இரண்டு வரவில்லை. மேக் மினி என்கிற சின்ன டெஸ்க்டாப் விலைக்கு நல்ல மெஷின், எம்4 சிப்போடு 2024ல் வந்தபோது 59,900 ரூபாய், ஆனால் அதில் பேட்டரி இல்லை, மலையில் கரண்ட் போகிற அழகுக்கு யூபிஎஸ் இல்லாமல் வைத்தால் பாதிப் பாட்டு போய்விடும். விண்டோஸ்தான் வேண்டும் என்றால் லேப்டாப்பை விட்டுவிட்டு ஒரு டெஸ்க்டாப் வாங்கி, சுவருக்கு அந்தப் பக்கம் வைத்து, துளை போட்டு ஐந்து மீட்டர் யூஎஸ்பி கேபிளை இழுத்துக்கொள். அதைவிட நீளம் இழுக்காதே.

பேட்டரியில் இன்னொரு நன்மை இருக்கிறது. எங்கள் லைன் வீட்டில் எர்த் சரியில்லை, சார்ஜர் சொருகினால் கிடாரில் உய்ங் என்று ஒரு ஹம். கழற்றினால் போய்விடும். அதனால் பதிவு முழுக்க பேட்டரியில்தான். ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னலுக்கு எப்படியும் பிளக்கைப் பிடுங்கத்தானே போகிறோம். மைக்கையும் வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வை. உங்கள் ஊர் மேகம் அறைக்குள்ளேயே வருமே, கண்டென்சர் மைக் ஈரம் குடித்தால் பொரிய ஆரம்பிக்கும்.

மிச்சமாகிற பணத்தில் நல்ல மைக், காதை மூடுகிற ஹெட்ஃபோன், அப்புறம் பழைய ரஜாய் நாலு. அறைச் சுவரில் தொங்கவிடு. தகரக் கூரை என்றால் மழையில் எதுவும் நடக்காது, அதற்கு என்னிடமும் வழியில்லை, பகல் 11லிருந்து 3 வரை காத்திருந்துதான் எடுக்கிறேன்.

முடிவு செய்யுமுன் ஒருமுறை இங்கே வா. மழை பிடிக்குமுன் வந்தால் நல்லது. கீபோர்டையும் உன் பழைய லேப்டாப்பையும் எடுத்து வா, இன்டர்ஃபேஸ் என்னிடம் இருக்கிறது, உன்னுடையதில் சொருகி இரண்டு நாள் வாசித்துப் பார்ப்போம், தாமதம் போய்விட்டால் அந்தக் காசே மிச்சம். சாயந்திரம் ஆறு மணிக்குமேல் லைனுக்கு நடந்து வராதே, காட்டெருமை தேயிலைக்குள் இறங்குகிறது, ஸ்டாண்டிலிருந்து போன் போடு, நான் வண்டி எடுத்து வருகிறேன். அந்த நாலு வரியின் மெட்டை நீ கீபோர்டில் வாசித்தால் அம்மாவுக்கு வார்த்தை ஞாபகம் வருமோ என்று எனக்கு ஒரு எண்ணம். அந்த ஃபைலை இன்று ராத்திரி அனுப்புகிறேன், இரைச்சலைப் பொறுத்துக்கொண்டு கேட்டுவை.

அன்புடன்,
உன் பங்காளி