முதலில் ரசீது, அப்புறம் சான்றிதழ்

மதிப்பிற்குரிய மாவட்டக் காவல்துறை உயரதிகாரிகளுக்கு,

வணக்கம்.

வேலூரில் எங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்கு ஐ.எஸ்.ஓ. 9001 தரச்சான்று வாங்கும் வேலை மும்முரமாக நடப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். சேலம் சூரமங்கலம் அனைத்து மகளிர் காவல் நிலையம் 2020இல் நாட்டின் சிறந்த காவல் நிலையங்கள் பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்தபோது மனதாரச் சந்தோஷப்பட்டவன் நான். எங்கள் நிலையத்துக்கும் அப்படி ஒரு பெயர் வர வேண்டும் என்ற ஆசையில்தான் இதை எழுதுகிறேன்.

என் அக்காவுக்கு அறுபது தாண்டிவிட்டது. விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர் கழுத்திலிருந்த சங்கிலியை, பைக்கில் வந்த இருவர் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கழுத்தில் சிவந்து வீங்கிய தடத்தோடு அன்று காலையே நிலையத்துக்குப் போய் புகார் எழுதிக் கொடுத்தார். ரைட்டர் வாங்கிப் படித்தார், மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகினார். புகார் பெற்றதற்கான ரசீது (சி.எஸ்.ஆர்.) கேட்டதற்கு, "ஆடிட் வருதும்மா, ரெஜிஸ்டர் எல்லாம் சரி பண்ணிட்டிருக்கோம். அது முடியட்டும், சி.எஸ்.ஆர். போட்டுத் தர்றோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அதன் பிறகு போன போதெல்லாம் இதே பதில். ஒருநாள் வரவேற்பறையில் புது நாற்காலிகள் வந்திருந்தன, பாலித்தீன் உறைகூடப் பிரிக்கவில்லை. முட்டிவலிக்காரரான அக்கா உட்காரப் போனார். "அழுக்காயிடும்மா, ஆடிட்டர் வரப்போறாங்க, கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்று எழுப்பிவிட்டார்கள். படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்தபடி வெயிலில் நின்றுவிட்டு வந்தார். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புகார் கொடுக்க வருபவர் உட்காரத்தானே ஐயா அந்த நாற்காலி?

சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. சங்கிலிப் பறிப்பு, புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 304ஆவது பிரிவில் தனிக் குற்றமாகவே வந்துவிட்டது. பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013லேயே சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி, முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாக உடனே தர வேண்டும். விசாரித்துவிட்டுத்தான் பதிவோம் என்றாலும், அதற்கு டி.எஸ்.பி.யின் அனுமதி வேண்டும், 14 நாளுக்குள் முடிக்கவும் வேண்டும். 'ஆடிட் முடியட்டும்' என்று எந்தப் பிரிவிலும் இல்லை.

ஐ.எஸ்.ஓ.வும் அப்படிச் சொல்லவில்லை. சேவை பெறுபவர் திருப்தியடைந்தாரா என்று அளந்து பார்க்கவும், தவறு நடந்தால் காரணத்தைக் கண்டுபிடித்துத் திருத்தவும் 9001 தரநிலை கேட்கிறது. சான்று கொடுத்த பிறகும் அது செல்லும் மூன்றாண்டு காலத்தில் ஆண்டுதோறும் வந்து சரிபார்ப்பார்கள். அன்றைக்கெல்லாம் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இன்னும் எத்தனை புகார் இருக்குமோ!

காவலர்களின் கஷ்டம் புரியாமல் பேசவில்லை. இரவெல்லாம் ரோந்து, மறுநாள் பந்தோபஸ்து, நடுவில் இந்த ஆடிட் வேலை. அந்த ரைட்டரின் கண்களும் தூக்கமில்லாமல் சிவந்துதான் இருந்தன. குற்ற எண்ணிக்கை கூடக் கூடாது என்று மேலிருந்து நெருக்கினால் கீழே இருப்பவர் என்ன செய்வார், புகாரை வாங்காமல்தான் விடுவார். பதிவாகாத குற்றம் கணக்கில் வராது, சரி. பைக்கில் வந்த அந்த இருவரும் நாளைக்கு அடுத்த தெருவுக்கு வருவார்களே!

உள்ளூர்க்காரர்கள், தமிழ் பேசுபவர்கள், எங்களுக்கே இந்தக் கதி. மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிகிச்சைக்காகக் காட்பாடி ஜங்ஷனில் வந்து இறங்குகிறவர்களை நினைத்துப் பாருங்கள். பணமும் மருத்துவ ரிப்போர்ட்டும் இருந்த பையை ஆட்டோவிலோ லாட்ஜிலோ பறிகொடுத்தால், பாஷை தெரியாத அந்த மனிதர் யாரிடம் போய் நிற்பார்? எந்த எல்லையில் நடந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. அவரிடமும் ஆடிட் முடிந்து வரச் சொன்னால், அதற்குள் அவர் ஊருக்கு ரயிலேறியிருப்பார்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. முதலில் ரசீது, அப்புறம் சான்றிதழ். புகாரோடு வருகிற ஒவ்வொருவருக்கும் அங்கேயே, அப்போதே ரசீது கொடுக்க உத்தரவிடுங்கள். தணிக்கைக்கு வருபவர்கள் பதிவேடுகளோடு நிறுத்திக்கொள்ளாமல், அண்மையில் புகார் கொடுத்தவர்கள் சிலரையும் சந்திக்க ஏற்பாடு செய்யுங்கள். என் அக்காவையும் கூப்பிட்டால் வருவார். அன்றைக்கு அவருக்கு ஒரு நாற்காலி கொடுக்கச் சொல்லுங்கள்.

அக்கா கையெழுத்திட்ட புகாரை, அதே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(4) பிரிவின்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். தணிக்கைத் தேதிக்கு முன்பே அதன்மீது வழக்குப் பதிந்து நகலைத் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வேலூர் மாநகரவாசி ஒருவர்