சுகன்யா வருவதற்கு முன்னால்

ஈஸ்ட் ஹாம், லண்டன்
பிப்ரவரி 8

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் கடிதம் வந்து பத்து நாள் இருக்கும். ராத்திரி டியூட்டி முடிந்து வந்து படுத்து எழுந்தால் மறுபடி இருட்டிவிடுகிறது, அதனால்தான் பதில் தாமதம். செப்டம்பரில் சுகன்யா இங்கே படிக்க வருவது உறுதியானதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"ஆறு மணிக்கு மேல் வெளியே போகக்கூடாது என்று நீயே சொல்லி வை" என்று சித்தப்பா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சித்தி, டிசம்பரில் இங்கே நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஆறு மணிக் கணக்கு வைத்தால் வகுப்பு முடிந்து அறைக்கு வரவே முடியாது. வெள்ளிக்கிழமை என்றால் கூடப் படிக்கிற பிள்ளைகள் பப், டான்ஸ் என்று கிளம்புவார்கள். போகவே கூடாது என்று கட்டிப்போட்டால் போவாள், ஆனால் நம்மிடம் சொல்ல மாட்டாள். எனக்கு அதுதான் பயம். எங்கே, யாரோடு, எப்படித் திரும்புவாள் என்று எனக்கு ஒரு வரி அனுப்பிவிட்டுப் போகட்டும்.

இதில் திரும்புவதுதான் முக்கியம். வெள்ளி, சனி இரவுகளில் சென்ட்ரல், விக்டோரியா, ஜூபிலி, நார்தர்ன், பிக்காடில்லி என்று ஐந்து தடத்தில் சுரங்க ரயில் விடிய விடிய ஓடும். எங்கள் ஈஸ்ட் ஹாம் தடத்தில் அது கிடையாது, இரவு பஸ்தான். டாக்சி வேண்டுமானால் தெருவில் கைகாட்டி ஏற அனுமதி உள்ளது கறுப்பு டாக்சியில் மட்டும்தான். மற்ற வண்டியெல்லாம் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். கிளப் வாசலில் "வா, கொண்டுபோய் விடுகிறேன்" என்று கூப்பிடுகிறவன் வண்டியில் ஏறவே கூடாது. பதிவு செய்த வண்டியிலும் நம்பரைச் சரிபார்த்து, அவள் பெயரை ஓட்டுநரே சொன்ன பிறகு ஏறட்டும்.

குடிப்பதும் குடிக்காததும் அவள் இஷ்டம், இங்கே பதினெட்டு வயதானால் சட்டம் தடுக்காது. ஜூஸாக இருந்தாலும் கண்ணை விட்டு அகன்ற கிளாஸைத் திரும்பத் தொடக்கூடாது, எதையாவது கலந்துவிடுகிறார்கள். பக்கத்தில் இருக்கிறவன் தொந்தரவு செய்தால் கவுண்டரில் போய் "ஏஞ்சலா இருக்கிறார்களா?" என்று கேட்கட்டும். 2016-இல் லிங்கன்ஷயரில் தொடங்கிய ஏற்பாடு இது. இதில் சேர்ந்திருக்கிற இடங்களில் ஊழியர்கள் புரிந்துகொண்டு தனியே அழைத்துப்போய் வண்டி பிடித்துக் கொடுப்பார்கள், தேவைப்பட்டால் போலீசைக் கூப்பிடுவார்கள். அவசரத்துக்கு 999. செல்போனில் அழைத்துவிட்டுப் பேச முடியாத நிலை என்றால், எதிர்முனையில் அழுத்தச் சொல்லும்போது 55 அழுத்தினால் போலீசுக்கு இணைப்பார்கள். இதை அவள் மனப்பாடமாக வைத்திருக்கட்டும். பாஸ்போர்ட்டை ராத்திரி வெளியே கொண்டுபோக வேண்டாம், வயதைக் காட்ட இங்கே தனி அட்டை வாங்கலாம். நடைபாதையில் போனைப் பார்த்துக்கொண்டே நடக்கவும் வேண்டாம், எலெக்ட்ரிக் சைக்கிளில் வந்து பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

கீழ்வீட்டுப் பெரியவரைப் பற்றி எழுதியிருந்தேனே, ஜமைக்காக்காரர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இரவு பஸ்ஸில் மாடிக்கு ஏறாதே, டிரைவர் கண்ணில் படுகிற சீட்டில் உட்கார் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். நான் வந்து சேர்ந்ததும் தரையில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். மறந்தால் கைத்தடியால் தன் வீட்டுக் கூரையை இடிப்பார். பேச்சு முழுக்க பஸ்தான், வேறு விஷயமே கிடையாது. அவர் ஊருக்குப் போயிருந்த வாரமும் நான் தட்டிவிட்டுத்தான் படுத்தேன்.

குளிர் பழகிவிட்டது. ஹீட்டரை அதிகம் போடுவதில்லை, இரண்டு ஸ்வெட்டர் போட்டால் போதும். சனி ஞாயிறிலும் டியூட்டி கேட்டு வாங்கிக்கொண்டேன், வீட்டில் சும்மா இருந்து என்ன செய்ய? சாப்பாட்டுக்குக் குறைவில்லை, இந்தத் தெருவில் முருங்கைக்காய்கூடக் கிடைக்கிறது. சாம்பார் வைத்தேன். ஒரு ஆளுக்கு என்று வைத்தால் ஏனோ ருசியே வருவதில்லை சித்தி. விடியற்காலை ஐந்து மணிக்கு பஸ்ஸுக்கு நிற்கும்போது அங்கே பத்தரை என்று மனது தானாகக் கணக்குப் போடும். நீங்கள் உலை வைத்திருப்பீர்கள், சித்தப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு இரண்டாவது காப்பி கேட்டிருப்பார். பஸ் வரும்வரை அந்த அடுப்படியில்தான் இருப்பேன். சுகன்யா வந்தால் சாம்பாரைப் பெரிய பாத்திரத்தில் வைப்பேன்.

சரி, வீட்டு விஷயம். மஞ்சு கல்யாணத்துக்குச் சொன்ன பணத்தில் பாதியை இந்த வாரம் அனுப்புகிறேன். பாங்க் வேலை கொஞ்சம் இழுக்கிறது, மீதி சித்திரைக்குள் வந்துவிடும். அம்மாவிடம் இதைப் பெரிதாகச் சொல்ல வேண்டாம். அவளுடைய கண் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போட விடாதீர்கள்.

தாத்தா மனையை விற்க என் கையெழுத்து வேண்டும் என்று ராஜா அண்ணன் கேட்டிருக்கிறான். பவர் பத்திரம் எழுதி இங்கே இந்திய ஹைகமிஷன் அத்தாட்சி வாங்கி அனுப்பலாம். அது அங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டிவிட வேண்டும், அதனால் வாங்குகிற ஆள் முடிவான பிறகு சொல்லச் சொல்லுங்கள். கிழக்குப் பக்கம் முருகேசன் மாமா வேலியைத் தள்ளிப் போட்டிருக்கிறார் என்றீர்களே, சர்வேயர் வந்து அளக்காமல் யாரும் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். பழைய பட்டா அப்பாவின் பச்சை டிரங்குப் பெட்டியில், எல்ஐசி பேப்பருக்கு அடியில் இருக்கிறது. சாவி அம்மாவிடம்.

அன்புடன்,
செல்வி