பீல் ஸ்ட்ரீட்ல உதவுன அந்த அம்மாவுக்கு நன்றி

இண்டர்நேஷனல் ப்ளூஸ் சேலஞ்ச்ங்கிற ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களோட இசை) போட்டியைப் பாக்க அமெரிக்காவுல மெம்ஃபிஸ் போயிருந்தோம். பீல் ஸ்ட்ரீட்ல எந்த க்ளப்புல யாரு எப்ப வாசிக்கிறாங்கன்னே புரியல, அப்பாவுக்கு முழங்கால் வலி வேற. அப்ப ப்ளூஸ் சொசைட்டி (ப்ளூஸ் ரசிகர் சங்கம்) டீ-ஷர்ட் போட்ட ஒரு வயசான அம்மா, வாலண்டியர்தான், பேர்கூட தெரியாது, தான் உக்காந்திருந்த ஸ்டூலை அப்பாவுக்குக் குடுத்துட்டு ஷெட்யூல் பேப்பர்ல பேனாவால வட்டம் போட்டு "இவங்க எங்க ஊர் பசங்க, விட்டுடாதீங்க"ன்னாங்க.

ஒவ்வொரு ஊர் சொசைட்டியும் உள்ளூர்ல போட்டி வச்சு ஜெயிச்சவங்களை இங்க அனுப்புறாங்களாம், இந்தப் பசங்களோட வேன் செலவுக்கு இவங்களே ராஃபிள் டிக்கெட் வித்து காசு சேத்தாங்களாம். இதை நடத்துற ப்ளூஸ் ஃபவுண்டேஷன் 1980ல ஆரம்பிச்சது, கஷ்டப்படுற கலைஞர்களோட மருத்துவச் செலவுக்கு ஹார்ட் (HART) ஃபண்ட்னு ஒரு நிதி வச்சிருக்காங்க, எனக்கு அதுதான் ரொம்பப் பெரிய விஷயமா படுது.

ஹார்மோனிகா பையன் மைக்கையும் சேத்துப் பொத்திக்கிட்டு ஊதுனப்ப அப்பா வலியெல்லாம் மறந்து தாளம் போட்டாரு! அம்மா, நீங்க இல்லேன்னா நாங்க பாதியிலயே ரூமுக்குத் திரும்பியிருப்போம். மனசார நன்றி, உங்க சொசைட்டியில நாங்களும் மெம்பர் ஆகுறோம்.