மீனு காருக்கு எந்த டயர்?

அன்புள்ள பாலா,

உன் மெயில் கிடைத்தது. மகள் மீனுவுக்கு அப்பலாச்சியன் ஸ்டேட் யுனிவர்சிட்டியில் இடம் கிடைத்ததைப் பற்றி இரண்டு வரி, அவள் காரில் இருக்கிற டயரே போதுமா, புதுசு என்றால் எது என்று டயரைப் பற்றி ஒரு பக்கம். நீ மாறவே இல்லைடா. மீனுவுக்கு முதலில் என் வாழ்த்தைச் சொல்லு, அத்தை அவளுக்குத் தனியாகப் போன் பண்ணுவாள்.

நீ அனுப்பிய போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 215/55ஆர்16 93எச், அது 2017 ஹோண்டா சிவிக் எல்எக்ஸோடு வரும் அளவுதான், அதில் குழப்பமில்லை. ஆனால் பக்கவாட்டில் டாட் (DOT) என்று ஆரம்பிக்கும் வரிசையின் கடைசி நாலு எண்ணைப் பார்த்தாயா? 4119. அதாவது 2019ஆம் வருஷம் 41ஆவது வாரத்தில் செய்த டயர். இன்னொரு போட்டோவில், முன்பக்க இடது டயரின் உள் ஓரம் வெளி ஓரத்தைவிட நன்றாகவே தேய்ந்திருக்கிறது, காடிகளுக்குள், அதாவது டயரில் வெட்டியிருக்கும் பள்ளங்களுக்குள், மயிரிழை வெடிப்பும் தெரிகிறது. ஒரு சென்ட் காசான பென்னியைத் தலைகீழாகக் காடிக்குள் வைத்துப் பார்த்தேன், லிங்கன் தலை மறைகிறது, அதனால் இன்னும் ஓடும் என்று எழுதியிருக்கிறாய். அந்த பென்னி கணக்கு 2/32 அங்குலக் காடி ஆழத்துக்கு, அதற்குக் கீழே போனால் இன்ஸ்பெக்‌ஷனில் தள்ளிவிடுவார்கள், அவ்வளவுதான். மழையில் நிற்க வேண்டிய டயருக்கு குவார்ட்டரை, அதாவது 25 சென்ட் காசை, வைத்துப் பார்க்க வேண்டும், வாஷிங்டன் உச்சந்தலை வெளியே தெரிந்தால் 4/32க்குக் கீழே வந்துவிட்டது என்று அர்த்தம், அதன் பிறகு ஈரச் சாலையில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்கும் தூரம் கூடிக்கொண்டே போகும். புது டயரில் 10/32 பக்கம் இருக்கும். உங்கள் நார்த் கரோலினாவிலாவது வருஷா வருஷம் டயரைப் பார்க்கிறார்கள். இங்கே நியூ ஜெர்சியில் 2010லேயே அதை எடுத்துவிட்டு, சொந்தக் கார்களுக்குப் புகைச் சோதனை மட்டும் போதும் என்று விட்டுவிட்டார்கள். பார்க்வே ஹைவேயில் மொட்டை டயரோடு பறக்கிற ஆட்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஆக, மாற்று. நாலையும் மாற்று. முன்சக்கர இழுவை வண்டிதானே, முன்னால் மட்டும் இரண்டு புதுசு போட்டால் போதும் என்று அந்தக் கடைக்காரர் சொன்னதைக் கேட்காதே. இரண்டுதான் வாங்குவது என்றாலும் புதுசு பின்னால்தான் போக வேண்டும். முன் டயர் பிடி விட்டால் வண்டி நேராக வழுக்கும், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் திரும்பக் கைக்கு வந்துவிடும். பின் டயர் தண்ணீரில் மிதந்தால் வால் பக்கம் சுற்றிக்கொண்டு போகும், அதைச் சமாளிக்க அனுபவம் வேண்டும், பதினெட்டு வயசுப் பெண்ணிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

இப்போது உன் முக்கியமான கேள்வி. 80,000 மைல் உத்தரவாதம் உள்ள டயரைப் பிடித்து வைத்திருக்கிறாய், மிச்செலின் டிஃபெண்டர் 2. நல்ல டயர்தான், குறை சொல்ல மாட்டேன், தினமும் ஐ-40 ஹைவேயில் அறுபது எழுபது மைல் ஓட்டுகிறவனுக்கு நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் மீனு எவ்வளவு ஓட்டப் போகிறாள்? ஹாஸ்டலில் இருக்கப்போகிறாள், மளிகைக்கு ஒரு தடவை, மாசத்துக்கு ஒரு முறை கேரியில் உன் வீட்டுக்கு வந்து போவாள். தாராளமாகப் போட்டாலும் வருஷத்துக்கு எட்டாயிரம் மைல். அப்படியென்றால் அந்த 80,000 மைலைத் தொட பத்து வருஷம் ஆகும். அதற்குள் ரப்பர் கிழடு தட்டிவிடும். ஆறு வருஷத்தில் மாற்று என்று பல கார் கம்பெனிகளே சொல்கின்றன, எவ்வளவு நன்றாக இருந்தாலும் பத்து வருஷத்துக்கு மேல் வேண்டாம் என்று மிச்செலினே சொல்கிறது. அந்த உத்தரவாதமும் முழுப் பணம் திரும்பத் தருவதில்லை, ஓடிய மைலைக் கழித்துக்கொண்டு அடுத்த டயரில் கொஞ்சம் தள்ளுபடி, அதுவும் ஒழுங்காக ரொட்டேஷன், அதாவது டயர்களை இடம் மாற்றிப் போடுவது, செய்ததற்கு ரசீது வைத்திருந்தால். மீனு ரசீது வைத்திருப்பாள் என்று நீ நம்புகிறாயா?

அவள் தேய்க்கவே போகாத மைலுக்குப் பணம் கொடுப்பதைவிட, அவள் நிஜமாகவே சந்திக்கப்போகிற மழைக்கும் பனிக்கும் கொடு. கேரியில் பனி வருஷத்தில் ஒன்றிரண்டு நாள் கூத்து, ஊரே பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு உட்காரும். மீனுவின் காலேஜ் இருக்கிற பூன் 3,300 அடி உயரத்தில் இருக்கிறது, அங்கே பனி என்றால் பனிதான், வில்க்ஸ்பரோ தாண்டி 421 ஹைவேயில் மலை ஏறும்போதே வெயில், மழை, மூடுபனி எல்லாம் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம். சாதாரண ஆல் சீசன் டயரில் எம்+எஸ் என்று, சேறும் பனியும் என்ற அர்த்தத்தில், போட்டிருப்பார்கள். அது காடியின் அமைப்பை வைத்துப் போடுவது, பனியில் ஓட்டிப் பார்த்துக் கொடுப்பதில்லை. மூன்று சிகரம் உள்ள மலையும் அதற்குள் ஒரு பனிச்செதிலும் வரைந்த முத்திரை இருக்கிறதா என்று பார். அது பனியில் சோதித்துக் கொடுப்பது. இப்போது ஆல் வெதர் என்று விற்கிறவை இந்த ரகம், வருஷம் முழுக்க அதே டயரை ஓட்டலாம், வின்டர் டயர் தனியாக வாங்கி எங்கே அடுக்கி வைப்பது என்ற தலைவலி கிடையாது.

என் கையில் விட்டால் மிச்செலின் கிராஸ்கிளைமேட் 2, இல்லாவிட்டால் நோக்கியன் ரெமெடி டபிள்யூஆர்ஜி5. முதலாவதுக்கு 60,000 மைல் உத்தரவாதம், மீனுவின் ஓட்டத்துக்கு அதுவே ஏழு வருஷத்துக்கு மேல். நோக்கியன் பின்லாந்துக்காரர்கள், 1934லேயே பனிக்கென்று தனி டயர் செய்தவர்கள், இப்போது பக்கத்து டென்னசியில் டேட்டன் என்ற ஊரில் தொழிற்சாலை வைத்திருக்கிறார்கள். குறையும் சொல்லிவிடுகிறேன்: கிராஸ்கிளைமேட் பழசாக ஆக ஒரு ம்ம்ம் என்ற சத்தம் கொடுக்கும், பெட்ரோல் மைலேஜும் கொஞ்சம் குறையலாம். அதன் காடிகள் அம்பு முனை மாதிரி ஒரே திசை பார்த்து வெட்டியவை, அதனால் ரொட்டேஷனில் அதே பக்கம் முன்னும் பின்னும்தான் மாற்ற முடியும், குறுக்கே மாற்றக்கூடாது. மாட்டி முடித்ததும் பக்கவாட்டில் உள்ள அம்புக்குறி வண்டி முன்னால் ஓடும்போது சுற்றும் திசையைக் காட்டுகிறதா என்று நாலு சக்கரத்தையும் நீயே சுற்றி வந்து பார்த்துவிடு.

இன்னொன்று, முத்திரையைப் பார்த்து ரொம்பவும் தெம்பாகிவிடாதே. அந்தச் சோதனை பனியில் வண்டி முன்னே இழுக்கிறதா என்று பார்ப்பது, பிரேக் பிடிப்பதற்கோ கண்ணாடி மாதிரி உறைந்த ஐஸுக்கோ அது உத்தரவாதம் இல்லை. ஐஸ் மழை என்று சொன்னால் காரைத் தொடாதே, கேம்பஸ் பஸ்ஸில் போ என்று அவளிடம் கறாராகச் சொல்லிவிடு. அப்பா சொன்னால் கேட்கமாட்டாள், நான் சொன்னேன் என்று சொல்லு.

கடையில் கவனிக்க வேண்டியது: 93எச்சுக்குக் குறைவாக எதையும் ஒத்துக்கொள்ளாதே. 93 என்றால் ஒரு டயர் 650 கிலோ தாங்கும், எச் என்றால் 210 கிலோமீட்டர் வேகம் வரை. அதைவிடக் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை. இந்த சிவிக்கில் சக்கரத்துக்குள் காற்றழுத்த சென்சார் கிடையாது, சக்கரம் சுற்றும் வேகத்தை வைத்துத்தான் வண்டி கண்டுபிடிக்கிறது, ஆகவே பில்லில் சென்சார் கிட் என்று ஏதாவது ஏற்றினால் என்ன என்று கேள், அப்புறம் புது டயர் மாட்டியதும் மெனுவில் போய் காலிப்ரேட் செய்துவிடு. காற்று டிரைவர் கதவோர ஸ்டிக்கரில் உள்ளபடி, டயரில் எழுதியிருப்பது அதிகபட்ச அளவு, அதை அடிக்கக்கூடாது. குளிர் பத்து டிகிரி ஃபாரன்ஹீட் இறங்கினால் காற்றழுத்தம் ஒரு பிஎஸ்ஐ குறையும், அக்டோபரில் அவளே ஒருமுறை பார்க்கட்டும். வீல் நட்டை 80 பவுண்டு-அடிக்கு முறுக்கச் சொல், சில கடைகளில் நட்டு முறுக்கும் கன்னை வைத்து அடித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள், நடுரோட்டில் டயர் மாற்ற வேண்டி வந்தால் அந்தப் பெண் ஏறி மிதித்தாலும் கழலாது. உள் ஓரம் தேய்ந்ததால், சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் கண்டிப்பாகச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் புதுசும் அப்படியே போகும். உன்னிடம் காஸ்ட்கோ கார்டு இருக்கிறதே, அங்கே ரொட்டேஷன், பேலன்சிங், பஞ்சர் எல்லாம் டயர் விலையோடு சேர்த்தி, ஆனால் அலைன்மென்ட் வெளியேதான்.

இங்கே பெரிய செய்தி இல்லை. அம்மா ஏப்ரலில் திருநெல்வேலிக்குத் திரும்பிவிட்டாள், ஆறு மாசம் எடிசனில் நாலு சுவரைப் பார்த்தது போதும் என்று சொல்லிவிட்டாள், முட்டி வலி அங்கே குறைந்திருக்கிறதாம். குமார் வேலையை விட்டுவிட்டு வேளச்சேரியில் வீடு பார்க்கிறான், உன்னிடம் சொன்னானா? எனக்கென்னவோ ஆறு மாசத்தில் போர் அடித்துத் திரும்பி வருவான் என்று தோன்றுகிறது.

ஆகஸ்டில் அவளை விடப் போகும்போது மூட்டை முடிச்சோடு மலை ஏறப்போகிறாய், அதனால் ஜூலை முடிவதற்குள் மாட்டிவிடு. கடையில் கொடுக்கும் கொட்டேஷனை போட்டோ எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ரவி